தண்ணீர் ஏறும் உயரம்

நான்காம் எண் குளிர்க்கூடத்தின் சுவர்களிலிருந்து இருபது குழாய்களைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெனோவா அவற்றை நீளவாக்கில் பிளந்து, அடிமுனையைச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரில் நிறுத்தி வைத்தாள். புதுக் குழாயாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் சாயம் ஆறரை அடி ஏறியிருக்கும். அவள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லாவற்றிலும் ஐந்தடியில் நின்றிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டியிருந்த அந்தக் குழாய்ப் பட்டறையில் அவள் பதினான்கு வருடமாக இருக்கிறாள். குழாயின் உட்சுவரில் செம்புப் படலம் ஏற்றும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஐந்தடி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடையில் சில நாட்கள் வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்துகொண்டு, உடம்பில் வழியும் வேர்வை காயாமலே போய்விடும். காயாத வேர்வையால் சூட்டை வெளியேற்ற முடியாது. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிற திடமான ஆள்கூட ஆறு மணி நேரத்தில் செத்துப்போவான். ஜனங்கள் அதற்குக் காயாநாள் என்று பேர் வைத்திருந்தார்கள். முன்னெல்லாம் எப்போதோ ஒன்று வந்தது, இப்போது வருடத்துக்கு நான்கைந்து. ஜெனோவாவின் கணவர் ஆறு வருடத்துக்கு முன் அப்படி ஒரு நாளில்தான் போனார். எட்டயபுரம் சாலையில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. அதிலிருந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

காயாநாளில் முதலில் போவது மின்சாரம். அதனால்தான் மின்சாரமே வேண்டாத குளிர்க்கூடங்களைக் கட்டினார்கள். கூடத்தின் தரைக்கடியில் பெரிய பனித்தொட்டி. காற்றாலைகள் ஓடும் மாதங்களில் அதை உறையவைத்து மூடிவிடுவார்கள். தொட்டியிலிருந்து சுவரெங்கும் ஆள் உயரத்துக்கும் மேலாகச் செம்புக் குழாய்கள் நிற்கும். குழாயின் உட்சுவரில் ஊறியிருக்கும் தண்ணீர், கூடத்துச் சூட்டை வாங்கி ஆவியாகிக் கீழே போகும்; பனியில் பட்டு மறுபடி தண்ணீராகும். அந்தத் தண்ணீர் திரும்ப மேலே ஏறியாக வேண்டும். மோட்டார் கிடையாது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, உட்சுவரில் ஒட்டியிருக்கும் நுண்துளைச் செம்புப் படலம்தான் இழுத்துக்கொண்டு போகவேண்டும். கூடம் கட்டிய எட்டு வருடத்தில் அந்தத் துளைகள் கொஞ்சம்கொஞ்சமாக அடைபட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையிலேயே குளிர்க்கூட வாரியத்தின் செயற்பொறியாளர் திருமலைக்கொழுந்து பட்டறைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். கோபமே வராது. அதுதான் அவரிடம் பயமாகவும் இருக்கும்.

"பனி குறைஞ்சிருக்கா மேடம்?"

"பனி தொட்டி நிறைய இருக்கு சார். மேலே ஏறத்தான் தண்ணி இல்ல."

"அப்போ எத்தனை பேரு?"

அவர் எப்போதும் ஆள் கணக்கில்தான் கேட்பார். கூடத்தில் இருக்கும் மனிதர்கள்தான் கூடத்துக்குச் சுமை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு உடம்பு ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடும். அழுதால், சண்டை போட்டால் இன்னும் கூடும். நாலாயிரம் பேரைத் தாங்கும் என்று கட்டிய கூடம் அது. சுற்றியுள்ள உப்பளக் குடியிருப்பில் இருந்ததும் சரியாக நாலாயிரம் பேர்.

"மூவாயிரத்து நூறு," என்றாள் ஜெனோவா.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மூவாயிரத்து எண்ணூறுன்னு வச்சுக்கலாமா? நெருக்கியடிச்சு உட்கார்ந்துக்குவாங்க."

"நெருக்கம் பிரச்சினை இல்ல சார். அளவுக்கு மேல சூடு போனா உட்சுவர் வறண்டுரும். வறண்ட குழாய் அன்னைக்குப் பூரா வேலை செய்யாது. அது வாங்காம விட்ட சூட்டைப் பக்கத்துக் குழாய் வாங்கி, அதுவும் வறளும். அப்புறம் உள்ள இருக்கற எல்லாருக்கும் வெளியில இருக்கறவங்க கதிதான்."

"எல்லாக் குழாயையும் மாத்த எவ்வளவு நாளாகும்?"

"ஆயிரத்து இருநூறு குழாய். ஒரே ஒரு உலை. ஆறு மாசம்."

"காயாநாள் ஏழு வாரத்துல தொடங்கிரும்."

"தெரியும் சார். அதுவரைக்கும் முடிஞ்சதை மாத்துறோம். நீங்க பக்கத்துக் கூடங்கள்ல மத்தவங்களுக்கு இடம் பாருங்க."

"அங்கெல்லாம் இடம் இருந்தா நான் ஏன் உங்ககிட்ட மூவாயிரத்து எண்ணூறு கேக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். "சரி. நீங்க போட்ட எண்ணையே வச்சுக்கறேன். இதுல எனக்கு உங்களை விட்டா வேற யாரு இருக்காங்க?"

அவள் நினைத்திருந்தது வேறு. இப்படியொரு எண்ணைக் கொடுத்தால் வாரியம் அலறிப்போய் இன்னொரு உலை கொண்டுவரும், கூடாரம் போடும், பனி லாரி வரும் என்று நம்பியிருந்தாள். பத்தாம் நாள் ஆணை வந்தது. நான்கு பேரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு வீடும் தங்களில் ஒருவர் பெயரை நீக்கித் தரவேண்டும். அப்படித் தொள்ளாயிரம் வீடுகள் இருந்தன. யாரை என்பதை அந்தந்த வீடே முடிவு செய்துகொள்ளலாம். பெயர் எழுதாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தால், வீட்டில் வயதில் மூத்தவர் நீக்கப்படுவார்.

உலை இயக்குபவன் மாசானம் அந்தப் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தான். முப்பத்தெட்டு வயது. மனைவி சந்தனமாரி, இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டில் நான்கு பேர்.

"இங்க வேலை செய்யறவங்களுக்குத் தனி இடம் இருக்காமே யக்கா?"

"நிரந்தர ஆளுகளுக்கு மட்டும்தான் மாசானம்." ஜெனோவா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவன் ஒப்பந்த ஆள்.

அவன் வேலையைப் பார்த்தான். குழாய்க்குள் நட்டநடுவில் இரும்புக் கம்பியை நிறுத்துவான். கம்பிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள சந்தில் மாவுபோலச் சலித்த செம்புத் தூளைக் கொட்டுவான். அதிர்மேசை உதறஉதறத் தூள் இறுகி உட்காரும். பிறகு உலை. சூடு குறைந்தால் தூள் ஒன்றோடொன்று ஒட்டாது, கம்பியை உருவும்போதே உதிர்ந்துவிடும். கூடினால் உருகிக் கட்டியாகித் துளைகள் மூடிப்போகும். தூளின் ஒரு மணி அடுத்த மணியைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு, அவ்வளவுதான் வேக வேண்டும். அந்தப் பதத்தை மாசானம் மீட்டரைப் பார்த்துப் பிடிப்பதைவிட உலையின் சத்தத்தைக் கேட்டுப் பிடிப்பான் என்று பட்டறையில் சொல்வார்கள்.

"ஒரு குழாய் மாத்தினா எத்தனை பேரு யக்கா உள்ள போகலாம்?"

"நாலு குழாய்க்கு மூணு பேரு."

அன்றிலிருந்து அவன் காலை ஷிப்டையும் மாலை ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தான். அவள் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். ஐந்தாம் வாரம் ஒரு மாலை, உலைக்கு முன் உட்கார்ந்தபடியே அவன் கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டான். உள்ளே அறுபது குழாய்கள் இருந்தன. திறந்து பார்த்தபோது உட்சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. ஒரு துளைகூட மிஞ்சவில்லை.

மாசானம் ஒவ்வொரு குழாயாக எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அறுபதையும் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, "நாப்பத்தஞ்சு பேரைக் கொன்னுட்டேன் யக்கா," என்றான்.

"அப்படிச் சொல்லாத."

"கணக்கு நீங்க சொன்னதுதான?"

அவள் அந்த அறுபதையும் ஒரு ஓரமாக அடுக்கத் தொடங்கினாள்.

ஏழு வாரத்தின் முடிவில் இருநூற்று நாற்பது குழாய்களை மாற்றியிருந்தார்கள். கூடத்தின் அளவு மூவாயிரத்து இருநூற்று எண்பது ஆனது. ஜெனோவா கையெழுத்துப் போட்டாள். திரும்பக் கிடைத்த நூற்றெண்பது இடங்களுக்கும் வாரியம் குலுக்கல் நடத்தியது. மாசானம் வீட்டுக்கு விழவில்லை. யாருடைய பெயரை எழுதிக் கொடுத்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மே பத்தொன்பதாம் தேதி அந்த வருடத்தின் முதல் காயாநாள். காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. எட்டரைக்கு மின்சாரம் போனது. ஜெனோவா அதற்கு முன்பே கூடத்துக்கு வந்து, தரைக்குக் கீழே, பனித்தொட்டியை ஒட்டியுள்ள சிறிய அறையில் இறங்கியிருந்தாள். சுவரில் வரிசையாகப் பாதரச வெப்பமானிகள். மேலே கூடத்தில் காலடிச் சத்தமும் பிள்ளைகளின் அழுகையும் கேட்டன. பத்து மணிக்கெல்லாம் சத்தம் அடங்கிவிட்டது. பேசாமல் அசையாமல் உட்காரச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள்.

அவள் போட்ட கணக்குப்படி மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் முப்பத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். இருபத்தொன்பதுதான் இருந்தது. ஒரு மணிக்கும் இருபத்தொன்பது. வெப்பமானி கெட்டுவிட்டதோ என்று அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எல்லாம் ஒன்றையே காட்டின. குழாய்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடத் திணறவில்லை.

அளவு தப்பு. எங்கேயோ தப்பாக அளந்துவிட்டாள். அந்த இருபது குழாய்களும் மோசமான மூலையிலிருந்து வந்தவையாக இருந்திருக்கும். கூடம் எல்லாரையும் தாங்கியிருக்கும். அவள் எழுதிய எண்ணால் எழுநூற்று இருபது பேர் வெளியே வெந்துகொண்டிருக்கிறார்கள்.

படியில் தடுக்கி விழுந்து எழுந்து மேலே ஓடினாள். வாசலில் ஊர்க்காவல் படையைச் சேர்ந்த பகவதி, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"கதவைத் திறங்க! பேரு நீக்கினவங்களையும் விடுங்க. நான் சொல்லுதேன், திறங்க!"

பகவதி அவளை விநோதமாகப் பார்த்தாள். "கதவு எங்கம்மா மூடியிருக்கு? காலையிலேர்ந்து ஒருக்களிச்சுத்தான் வச்சிருக்கேன்."

"உள்ள எத்தனை பேரு?"

பகவதி குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள். இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

"மத்தவங்க?"

"வரல."

"பேரு இருக்கறவங்கள்லயா?"

"பேரு இருக்கறவங்கதான். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரு வரல. நானும் பத்து மணி வரைக்கும் வாசல்ல நின்னு கூப்பிட்டுப் பார்த்தேன். வீட்டுல ஒருத்தரை விட்டுட்டு எப்படி வருவாக? உள்ள வந்தவுகளும் பாதிப் பேரு அழுதுட்டேதான் வந்தாக."

அவள் அளந்தது தப்பில்லை. அது தப்பாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

கூடத்தின் வேன் வெளியே நின்றது. ஓட்டுநர் மறுக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வெளியே வந்ததும் காற்று ஈரக் கம்பளிபோல முகத்தில் அப்பியது. உப்பளப் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. காக்கை, நாய் எதுவும் தெருவில் இல்லை.

ஜனங்கள் உப்புக் கிடங்கில் கூடியிருந்தார்கள். உயரமான கூரை, தடித்த சுவர். அந்தக் குடியிருப்பில் ஓரளவு நிழலான இடம் அது ஒன்றுதான். ஈரச் சேலைகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, காயவில்லை. ஆயிரத்து எழுநூறு பேர் தரையில் கிடந்தார்கள். ஒரு ஓரத்தில் சிலரைப் போர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். முகத்தையும் சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள்.

மாசானம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சந்தனமாரியின் தலை அவன் மடியில் இருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தும் பார்வை இல்லை. பெரியவள் ஒரு டம்ளரால் தாயின் நெஞ்சில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் தரையோடு கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள்.

"என் பேரைத்தான் எழுதிக் குடுத்தேன் யக்கா," என்றான் அவன். நாக்கு குழறியது. "இவ அதைப் பார்த்துட்டா. போன்னு சொன்னா போகமாட்டேங்கிறா. பிள்ளைகளையாவது அனுப்புன்னேன். அதுகளும் போகல."

"எந்திரி மாசானம். கூடத்துல இடம் இருக்கு."

சுற்றிலும் தலைகள் நிமிர்ந்தன. அவளை எல்லாருக்கும் தெரியும். மூவாயிரத்து நூறு என்று எழுதிய அம்மா. மேலிருந்து கேட்டும் கூட்டி எழுத மறுத்த அம்மா.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டான் மாசானம்.

தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது பேருக்கு. அந்த எண் அவள் வாயில் தயாராக இருந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. மறுபடி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

"எல்லாருக்கும்," என்றாள் ஜெனோவா. "நான் அளந்ததுல தப்பு. நாலாயிரம் பேருக்கும் இடம் இருக்கு. எல்லாரும் வாங்க."

யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. அந்த அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுந்தார்கள். முடிந்தவர்கள் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை உப்பு வண்டிகளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். வேன் பதினேழு முறை போய்வந்தது. பாதி வழியில் விழுந்தவர்களும் உண்டு. மூன்றரை மணிக்குள் ஆயிரத்து நானூறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஜெனோவா மறுபடி கீழே இறங்கினாள். நான்கு மணிக்கு முப்பத்துமூன்று. நாலரைக்கு முப்பத்துநான்கரை. வடக்குச் சுவரில் முதல் குழாய் வறண்டது. கையை வைத்தால் மேல்பாதி கொதித்தது, கீழ்பாதி சில்லென்றிருந்தது. பிறகு அதன் பக்கத்துக் குழாய். பிறகு பத்து, நாற்பது. மேலே ஓடி, வடக்குப் பக்கத்தில் இருந்தவர்களைத் தெற்கே நகர்த்தச் சொன்னாள். நகர்த்த இடமில்லை. ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவர் கிடந்தார்கள். ஆறு மணிக்குக் கடல்காற்று திரும்பியது. சூடு ஏறுவது நின்றது.

அன்று கிடங்கிலும் வழியிலுமாக இருநூற்று அறுபத்துமூன்று பேர் செத்தார்கள். கூடத்துக்குள், வடக்குச் சுவரை ஒட்டி, பத்தொன்பது பேர். அந்தப் பத்தொன்பது பேரும் காலையிலேயே பெயர் பதிந்து உள்ளே வந்தவர்கள். சந்தனமாரி ஐந்து நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்துக்கொண்டாள்.

விசாரணை ஜூலையில் நடந்தது. தொடங்குவதற்கு முன் திருமலைக்கொழுந்து அவளைத் தாழ்வாரத்தில் தனியாக நிறுத்தினார். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"மேடம், அளவுல ஏற்ற இறக்கம் இருக்கும்னு எழுதிக் குடுங்க போதும். கூடத்தோட தாங்கும் சக்தி மூவாயிரத்து எழுநூறுன்னு நம்பினீங்கன்னு சொல்லுங்க. நல்லெண்ணத்துல செஞ்சதுன்னு முடிச்சிரலாம்."

"அப்படி எழுதினா அடுத்த காயாநாளுக்கு மூவாயிரத்து எழுநூறு பேரை உள்ள விடுவீங்க சார்."

அவர் உள்ளே போய்விட்டார்.

விசாரணை அதிகாரி வயதான, குரல் உயர்த்தாத பெண்மணி. "கூடத்தின் அளவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா?"

"மூவாயிரத்து இருநூற்று எண்பது."

"கிடங்கில் போய் எவ்வளவு என்று சொன்னீர்கள்?"

"நாலாயிரம்."

"தெரிந்தே பொய் சொன்னீர்களா?"

"தெரிஞ்சேதான்."

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். பின்வரிசையில் இறந்தவர்களின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். ஒரு பெண் எழுந்தாள். பனிமேரி என்று பேர் சொன்னாள். நாற்பது வயது இருக்கும். அன்றைக்கு வடக்குச் சுவரோரம் அவளும் கணவனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர் என்பதால் அவர்கள் வீட்டுக்குப் படிவம் வரவில்லை.

"அன்னைக்கு நீங்க போய் அவங்களக் கூட்டிட்டு வராம இருந்திருந்தா," அவள் நிதானமாகத்தான் கேட்டாள், "எங்க வீட்டுக்காரரு இருந்திருப்பாரா?"

ஜெனோவா எழுந்து நின்றாள். அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சுவரோரம் மாசானம் நின்றிருந்தான், தலையைக் குனிந்துகொண்டு.

"இருந்திருப்பாரு," என்றாள்.

பனிமேரி முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், ஜெனோவாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"என்கிட்டயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?"